வேக்கம் போட்டுப் பிழைத்த நாற்பது வருடம்

எங்கள் குளிரூட்டித் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நானும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் மூன்று தடவை போன் அடித்துவிட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் சூடாகவே பேசினார்.

"அண்ணே, வாயைத் தொறந்தா மூடவே மாட்டீங்க. பேனாவைத் தொறக்க மட்டும் ஏன் இவ்வளவு பிகு? இப்பப் பாருங்க, வேக்கம் பம்பெல்லாம் போன்ல படம் காட்டுது. பச்சை விளக்கு எரிஞ்சா முடிஞ்சுது வேலை. அந்த ஊசியையே பாத்துக்கிட்டு நீங்கள்லாம் எப்படித்தான் மணிக்கணக்கா உக்காந்திருந்தீங்க? அதை எழுதுங்க."

நியாயமான கேள்வி. சங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் மலரை வீட்டுக்காரர்களும் புரட்டுவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் ஆகட்டும், ஏசி ஆகட்டும், இறைச்சிக் கடையின் குளிர் அறை ஆகட்டும், உள்ளே சுற்றி ஓடுவது காஸ். அந்தக் குழாயைத் திறந்து பழுது பார்த்தால், மறுபடி காஸ் நிரப்புவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். அதற்குத்தான் வேக்கம் போடுவது என்று பெயர். சுருங்கச் சொன்னால், ஒரு குழாய்க்குள் ஒன்றுமே இல்லாமல் செய்வது என் தொழில். நாற்பது வருடம் ஒன்றுமில்லாததைச் செய்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டேன் என்று நான் பெருமை அடித்துக்கொண்டால் யாரும் கோபிக்கக் கூடாது.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனால் ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பஸ்ஸில், சந்தையில், கிளினிக் வரிசையில் யாராவது ஒரு சொல்லைப் புதுவிதமாகப் போட்டால் உடனே எழுதிக்கொள்வேன். அந்த நோட்டில் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்ட சொல் இந்த வேக்கம்தான்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், இருந்த காலத்தில், வேக்கம் என்றால் எனக்குத் துரை பங்களாவில் கம்பளத்தைக் கூட்டும் மெஷின். என் சித்தி அங்கே வேலை செய்தாள். "அந்த வேக்கம் இருக்கே, தூசியோட என் காதுத் தோட்டையும் முழுங்கிருச்சு" என்று அழுதுகொண்டு வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஸ்கூல் மாஸ்டர் டீ கொண்டுவரும் பிளாஸ்க்குக்கும் வேக்கம் என்றுதான் பெயர். பிறகு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ரயில்வே கார்டு, "வேக்கம் இருக்கிற வரைக்கும்தான் தம்பி ரயில் ஓடும், வேக்கம் உடைஞ்சா பிரேக் தானாப் பிடிச்சுக்கும்" என்றார். கூட்டும் மெஷினுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றிரவு முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டேன். ஒரு தேர்தல் கூட்டத்தில், பழைய தலைவர் செத்துப்போனதால் மலையகத்தில் பெரிய வேக்கம் வந்துவிட்டது என்று ஒருவர் முழங்கினார். அதையும் எழுதி வைத்தேன். டீ பாக்கெட்டைக் கல்லு மாதிரி இறுக்கிக் கட்டுவதற்கும் அதே பெயர்.

இத்தனை பேருக்கும் இத்தனை அர்த்தம் கொடுக்கும் சொல்லுக்கு அகராதி என்ன சொல்கிறது என்று ஒரு நாள் நூலகத்தில் போய்ப் பார்த்தேன். வெற்றிடம், சூனியம் என்று இருந்தது. ஓடிவந்து முதலாளியிடம் சொன்னேன்: "நானா, நாம இத்தனை நாளா ஃபிரிட்ஜுக்குச் சூனியம் வைக்கிறோமாம்!"

"அஸ்தஃபிருல்லாஹ்! கஸ்டமர் காதுல போட்டுராதீங்க மகன், கூலியும் தர மாட்டாங்க, மந்திரவாதிய வேற கூட்டிவருவாங்க" என்றார் அவர்.

அவர்தான் மஹ்ரூப் நானா. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட அவருடைய வேலைக்கடை. நான் பத்தொன்பது வயதில் அங்கே போனேன். முதல் இரண்டு வருடம் கூட்டினேன், தூக்கினேன், கழுவினேன். மூன்றாவது வருடம் குழாய் வெட்டினேன். நான்காவது வருடம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

நானாவுடைய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. இருபது வருடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேக்கம் போடுவதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மதியம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் பம்பைப் போட வேண்டும். அவர் கை கால் கழுவி, பள்ளிக்குப் போய், லுஹர் என்கிற மதியத் தொழுகையைத் தொழுது, வழியில் இரண்டு பேரிடம் சுகம் விசாரித்துத் திரும்பி வரும்வரை பம்பு ஓட வேண்டும். வந்ததும் அவரே வேல்வை மூடுவார். பம்பை நிறுத்துவார். அழுத்தம் காட்டும் கேஜின் ஊசி நிற்கும் இடத்தில், கண்ணாடி மேல் வெள்ளைச் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போடுவார். அதன் பிறகு எல்லோரும் சோறு தின்போம். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்க்கும்போது ஊசி கோட்டிலேயே நின்றால் காஸ். நகர்ந்திருந்தால் வேலை முதலிலிருந்து.

கடையில் வேலை செய்தவர்களில் நான் இந்து, இன்னொருவர் சிங்களப் பௌத்தர், மற்ற இருவர் முஸ்லிம்கள். ஆனால் எங்கள் நால்வருக்கும் வேக்கத்தின் அளவு ஒரு தொழுகை. மணிக்கூட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு, நானும் செய்தேன். பம்பைப் போட்ட ஐந்து நிமிடத்தில் ஊசி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் அப்போது வெளியே போயிருப்பது காற்று மட்டும்தான். குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் அசையவே இல்லை. அது ஆவியாகி வெளியேற நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் காஸை அடித்தால், அந்தத் துளி ஈரம் ஓடிப்போய் ஊசித்துளை மாதிரி இருக்கும் இடத்தில் ஐஸாகி அடைத்துக்கொள்ளும்.

ஒரு பெருநாள் நேரம். வேலை குவிந்து கிடந்தது. நானா இல்லாத சமயம், மீன்கடைக்காரர் ஒருவருடைய குளிர்ப்பெட்டிக்கு வேக்கமே போடாமல், கொஞ்சம் காஸை விட்டுக் காற்றை ஊதித் தள்ளிவிட்டு நிரப்பி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அந்த மனிதர் கெட்டுப்போன மீனோடு வந்து நின்றார். நானா என்னைத் திட்டவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவரை உட்கார வைத்தார், இன்னொரு கதிரையை எதிரில் போட்டு என்னை உட்கார வைத்தார், இருவருக்கும் டீ வரவழைத்தார்.

"இவருட பெட்டிக்கு என்ன செஞ்சதெண்டு நீங்களே இவருக்குச் செல்லுங்க மகன்" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன். மீன்கடைக்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப நீ செஞ்சது என்னண்டா, கழுவாத சட்டில கறி வெச்சீக்கிறாய்" என்றார். அந்த வரி என் நோட்டில் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு நான் ஒரு பெட்டிக்குக்கூட வேக்கத்தில் குறை வைத்ததில்லை.

இடையில் ஒரு சிரிப்பான விஷயம். என் மூத்த மகள் பிறக்கும்போது, பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ், "பயப்படாதீங்க, டொக்டர் வேக்கம் போட்டுத்தான் எடுக்கப் போறார்" என்றார். எனக்குக் கண்ணில் எங்கள் கடையின் பம்பு, எண்ணெய் ஒழுகிக்கொண்டு கடகடவென்று ஓடும் அந்தப் பம்பு, அப்படியே தெரிந்தது. "எவ்வளவு நேரம் போடுவாங்க?" என்று கேட்டேன். "ரெண்டு மூணு நிமிசந்தான்" என்றார். "பத்தாதே!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளை நல்லபடி வந்தது. உச்சந்தலையில் டம்ளர் கவிழ்த்து எடுத்தது போல ஒரு வட்டம். இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது. நானா பார்க்க வந்தபோது அந்த வட்டத்தைத் தடவி, "சோக்குக் கோடு போட்டுத்தான் குடுத்தீக்கிறாங்க" என்றார்.

இனி, செயலாளர் கேட்ட கேள்விக்குப் பதில்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. நானா அதற்கு முன்பே கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். நான் தனியாக வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். திகனையைத் தாண்டி மேலே ஏறும் ஒரு தோட்டத்திலிருந்து போன் வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே பெண்கள் சேர்ந்து ஒரு பால் சங்கம் நடத்துகிறார்கள். லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு இரண்டு மாடு, மூன்று மாடு என்று வளர்க்கிறவர்கள். காலைப் பாலையும் மாலைப் பாலையும் ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டியில் ஊற்றிக் குளிர வைப்பார்கள். மறுநாள் காலை லொறி வந்து எடுத்துப் போகும். அந்தத் தொட்டி குளிரவில்லை.

பேசியவர் அந்தப் பால் சங்கத்தின் செயலாளர், புஷ்பமலர். குரலில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"அண்ணே, மூணு மெக்கானிக் பாஸ்மாரு வந்து பாத்துட்டாங்க. மூணு பேரும் காஸ் இல்லைன்னு காஸ் அடிச்சாங்க. ரெண்டு மணி நேரம் நல்லா குளிரும், அப்புறம் நின்னுடும். இன்னைக்குக் காலைல லொறி பால எடுக்கல. நாளைக்கும் இப்படின்னா இந்தப் பக்கம் லொறியே வராதாம். உங்களுக்கு முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

லொறி வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் வேறு பால் எடுக்கும் இடம் கிடையாது. அறுபது குடும்பம் பாலை ஓடையில் ஊற்றிவிட்டு மாட்டை விற்க வேண்டியதுதான்.

"வாறேன்" என்றேன்.

அன்றே கிளம்பி நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. பனி முழுசாக விலகவில்லை. பால் நிலையத்தின் வாசலில் காளியப்பன் என்று ஒருவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பால்காரர்களில் மூத்தவர், வாய்க்காரர்.

"புஷ்பா! நாலாவது டாக்டர் வந்துட்டாரு. எத்தனை ஊசி போடுவாருன்னு கேளு."

"ஒரே ஊசிதாங்க" என்று என் கேஜைக் காட்டினேன்.

மெஷினைப் போட்டுவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பால் கேனைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். தண்ணீரை ஊற்றித்தான் ஓட்டினோம். புஷ்பமலர் சொன்னது போலவே நன்றாகக் குளிர்ந்தது. நான் எதையும் தொடவில்லை. காளியப்பன் இரண்டு தடவை எட்டிப்பார்த்து, "தூங்குறாரா?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போன பிறகு கேஜின் ஊசி மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. இறங்கி, பூச்சியத்தையும் தாண்டி, அடியில் போய் நின்றது. குளிர் நின்றுவிட்டது.

"இதேதான் அண்ணே! இப்படித்தான் ஒவ்வொரு நாளும்!" என்றார் புஷ்பமலர்.

"கொஞ்சம் சுடுதண்ணி இருக்குமா?"

தொட்டி கழுவுவதற்காக அடுப்பில் தண்ணீர் எப்போதும் இருந்தது. ஒரு துணியை அதில் நனைத்து, காஸ் நுழையும் சின்ன வேல்வின் மேல் சுற்றினேன். எண்ணி இருபது விநாடி. உள்ளே சர்ர்ரென்று ஒரு சத்தம். ஊசி துள்ளி எழுந்தது. குளிர் மறுபடி ஓடியது.

காளியப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "என்னய்யா இது, ஒத்தடம் குடுத்தா சரியாப்போச்சு!"

"உள்ள ஐஸ் அடைச்சிருக்கு. காஸ் குறையே இல்லீங்க. குழாய்க்குள்ள தண்ணி இருக்கு" என்றேன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதையும் தேடினேன். ஓர் இடத்தில் நட்டு இறுக்கும் குழாய் வாய் மயிரிழை அளவு வெடித்திருந்தது. சாதாரணமாக அதன் வழியே காஸ் கசியும், அவ்வளவுதான். ஆனால் முன்னால் வந்த யாரோ, மெஷின் அடிக்கடி நிற்கிறதே என்று, அதை நிறுத்தும் காவல் சுவிட்சை நேராக வயரால் இணைத்துவிட்டிருந்தார். ஐஸ் அடைத்ததும் நிற்க வேண்டிய மெஷின் நிற்காமல் ஓடியது. ஓடி ஓடி உள்ளே வேக்கமாக்கியது. அந்த வேக்கம், வெடிப்பின் வழியாக மலைப் பனியின் ஈரக் காற்றை உள்ளே இழுத்தது. ஈரம் இன்னும் ஐஸானது. தினமும் இதே கூத்து. வேக்கம் இருக்கக் கூடாத நேரத்தில் தினமும் வேக்கம், இருக்க வேண்டிய நேரத்தில் மூன்று பேரில் ஒருவரும் வேக்கம் போடவில்லை. என் தொழில் வாழ்க்கையில் இந்தச் சொல் இரண்டு பக்கமும் என்னைப் பார்த்து முறைத்த இடம் அதுதான்.

காஸைச் சிலிண்டரில் திருப்பி எடுத்தேன். வெடித்த குழாய் வாயை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினேன். ஈரம் உறிஞ்சும் வடிகட்டியைப் புதிதாக மாற்றினேன். காவல் சுவிட்சைப் பழையபடி கட்டினேன். பம்பை மாட்டும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பழக்க தோஷம், காது பாங்கைத் தேடியது. அங்கே எங்கே பாங்கு? தோட்டத்துச் சங்குகூட அன்று ஊதவில்லை.

தண்ணீர் டேங்கின் பக்கத்தில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் மட்டும் போனில் சிக்னல் வரும் என்றார்கள். ஏறி நின்று நானாவுக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்க பாங்கு கேக்காதே?" என்றார்.

"கேக்காது நானா."

"அப்ப இன்னா, இங்க எனக்குக் கேக்குது. பம்பைப் போடுங்க. நான் தொழுதுட்டு அடிக்கிறன். என்ட போன் வாற வரைக்கும் வேல்வுல கை வெக்க வாணாம்."

நாற்பது நிமிடம் கழித்து அவர் அடித்தார். வேல்வை மூடிவிட்டு, சோக்குக் கோடு போட்டுவிட்டு, புஷ்பமலர் கொடுத்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டேன். வந்து பார்த்தால் ஊசி கோட்டை விட்டு ஏறியிருந்தது.

அதன் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஊசி கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது, மேலே போகவில்லை. ஓட்டை இருந்தால் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ஏறி நின்றால் அது உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தின் ஆவி. இதைச் சொல்லித் தரும் பச்சை விளக்கு எந்தப் போனில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

பம்பின் எண்ணெயை எட்டிப்பார்த்தேன். பால் மாதிரி வெளுத்திருந்தது. அத்தனையும் தண்ணீர். எண்ணெயை மாற்றினேன். மறுபடி ஓட்டலாம். ஆனால் கையை ஊதிக்கொள்ளும் அளவுக்குக் குளிர். இந்தக் குளிரில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் எப்படி ஆவியாகும்? கட்டுகஸ்தோட்டையில் ஒரு தொழுகை நேரத்தில் நடப்பது இங்கே ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் நடக்காது. மாலைப் பால் ஐந்து மணிக்கு வரும்.

அப்போதுதான் புஷ்பமலர் தொட்டியைக் கழுவ ஒரு வாளி சுடுதண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். காஸ் ஓடும் குழாய் எல்லாம் தொட்டியின் அடியில்தான் ஒட்டிக் கிடக்கிறது. தொட்டி சுட்டால் குழாயும் சுடும்!

"புஷ்பா, எவ்வளவு சுடுதண்ணி கிடைக்கும்?"

"எவ்வளவு வேணும்?"

"தொட்டி அரைவாசிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்ணே, பால் குளிரணும்னு கூப்பிட்டா அடுப்புல வைக்கச் சொல்றீங்களே."

"நம்புங்க."

நம்பினார். அதுதான் அன்றைய வெற்றியில் பாதி. வாசலில் நின்று லயங்களைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். பத்து நிமிடத்தில் மூன்று லயத்திலும் அடுப்பு எரிந்தது. குண்டான், பானை, கல்யாணத்துக்கு எடுக்கும் அண்டா, எல்லாம் ஏறியது. கொதித்ததைப் பால் கேன்களில் ஊற்றித் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி வந்தார்கள். தொட்டிக்குள் ஆவி எழும்பி அறை முழுக்க வெள்ளையானது. காளியப்பன் அதற்குள் நின்று மப்ளரைக் கழற்றிவிட்டார்.

"இவ்வளவு வயசுக்கு இப்பதான் எனக்குக் குளிர் விட்டுச்சு" என்றார். "நாளைலருந்து பால விட்டுட்டு இங்க குளிக்க வைக்கலாம் புஷ்பா."

"முதல்ல நீங்க உங்க மாட்டைக் குளிப்பாட்டுங்க மாமா" என்றார் புஷ்பமலர். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பம்பு ஓடியது. தண்ணீர் ஆறியதும் திறந்துவிட்டு மறுபடி சுடச்சுட நிரப்பினார்கள். மூன்று முறை மாற்றினோம். அஸர் என்கிற பின்னேரத் தொழுகை நேரத்துக்கு நானா அடித்தார். பாறை மேல் ஏறினேன்.

"ஊசி?"

"தொட்டிக்குள்ள சுடுதண்ணி ஊத்தி ஓட்டுறேன் நானா."

அந்தப் பக்கம் அந்த ஒல்லிக் குரல் சிரித்தது.

"பால் தொட்டிலயா? மகன், இது என்ட புத்திக்கு வந்தீக்காது. நான் தொழுதுட்டு வாறன். உங்களுக்கும் சேத்துத்தான்."

நாலரைக்கு வேல்வை மூடினேன். சோக்குக் கோடு போட்டேன். ஊசியை நிற்க வைத்துப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். அதற்குள் மாலைப் பால் வரத் தொடங்கிவிட்டது. கேன் கேனாக வாசலில் வரிசை. கறந்த சூட்டோடு நிற்கும் பால். ஐந்து மணிக்கு வரிசை வளைந்து ரோட்டுக்குப் போய்விட்டது.

"ஊசிதான் கோட்டுலயே நிக்குதே, காஸை அடிங்கய்யா! பால் இங்க திரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார் காளியப்பன். இப்போது அவர் கேலி பண்ணவில்லை. வரிசையில் நின்ற கேன்களில் இரண்டு அவருடையவை. மற்றவர்களும் கூடவே சத்தம் போட்டார்கள்.

ஊசி கோட்டில்தான் நின்றது. என் கை வேல்வுக்குப் போனதும் உண்மை. மீன்கடைக்காரர் கண்முன் வந்து டீ குடித்தார். கையை எடுத்துவிட்டேன்.

"புஷ்பா, இன்னும் அரை மணி நேரம் வேணும். இப்ப அவசரப்பட்டா நாளைக்குக் காலைல லொறிக்காரர்கிட்ட நீங்கதான் நிக்கணும், நான் இருக்க மாட்டேன்" என்றேன்.

புஷ்பமலர் நேராக வாசலுக்குப் போய் நின்றார். "எல்லாரும் கேனைத் தூக்கிக்கிட்டு ஓடைக்கு வாங்க! கழுத்து வரைக்கும் தண்ணில வைங்க. மூடி இறுக்கமா இருக்கணும், எவ பாலுல தண்ணி ஏறுதோ அவளை நான் சும்மா விட மாட்டேன்!" என்றார். நிலையத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை, ஐஸ் மாதிரி இருக்கும். அத்தனை கேனும் அதில் வரிசையாக உட்கார்ந்தன. முதலில் காளியப்பன்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஐந்தரை தாண்டிப் பார்த்தேன். ஊசி சோக்குக் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. ஒரு மயிரிழை அசைவு இல்லை. காஸைத் திறந்தேன். மெஷின் ஓடியது. தொட்டியைக் கடைசியாக ஒரு தடவை கழுவிவிட்டுப் பாலை ஊற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் நிற்கும் என்று எல்லோரும் ஒரு கண்ணால் தொட்டியையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் போயிற்று. மூன்றும் போயிற்று. அதற்குப் பிறகு எனக்குக் கணக்கில்லை, சங்கத்து பெஞ்சில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் காலைப் பாலும் சேர்ந்தது. ஏழரைக்கு லொறி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. பால் எடுக்கும் நிமல் இறங்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டுதான் வந்தார். மேலே இருந்து அவருக்கும் உத்தரவு இருந்தது. நேராகப் போய் மூடியைத் திறந்து வெப்பமானியை விட்டார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். ஒரு கரண்டி பாலை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட்டோடு கலந்து ஆட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கெட்ட பால் என்றால் கட்டி கட்டியாகத் திரியும், கட்டி ஒன்றும் இல்லை.

அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேக்கம் என்றால் அதுதான் வேக்கம்.

"ஹரி" என்றார் நிமல், சிங்களத்தில் சரி என்று. பிறகு தமிழில், "நல்ல பால். குழாய் கொண்டு வாங்க" என்றார்.

காளியப்பன் மப்ளரைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். லொறியின் குழாயைத் தொட்டிக்குள் விட்டார்கள். பால் அடியாழத்துக்கு இறங்கி, கடைசியில் கர்ர்ர் என்று ஓர் உறிஞ்சு உறிஞ்சி நின்றது. நான் பாறைக்கு ஓடி நானாவுக்கு அடித்தேன். எடுத்தவுடன் அவர் கேட்டது ஒரே சொல்தான்.

"ஊசி?"

"நிக்குது நானா. பாலும் போயிட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ். இனிக் கீழே இறங்கி வாங்க, பாறைல வழுக்கும்."

அந்த லொறி இன்றுவரை ஒவ்வொரு காலையும் அந்த வளைவில் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. சங்கத்தில் இப்போது எழுபத்தைந்து குடும்பம். இரண்டாவது தொட்டி வந்தபோது புஷ்பமலர் போன் அடித்து, அதற்கும் நான்தான் வந்து வேக்கம் போட வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற பிறகு நான் போட்ட ஒரே வேக்கம் அது.

அன்று நான் பாறையிலிருந்து இறங்கி வந்தபோது, புஷ்பமலர் காலித் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் காலை அந்தத் தொட்டி நிறைய எடுபடாத பால் நின்றதைப் பார்த்தவர். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் வேக்கத்துக்கு எதிரே இருந்த அத்தனை அர்த்தங்களுக்கும் கீழே, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை.

"ஒரு சொட்டுக்கூட இல்லைண்ணே, வந்து பாருங்க!"